எண்ணூர் கொடுவா, போன சீசன்: 27 நாள் போய் 6 மீன். எங்கே தப்பு?

எர்ணாவூர் தூண்டில் (2025 ஆகஸ்ட் 10)

வணக்கம். அடுத்த சீசனுக்குச் சாமான் வாங்குவதற்கு முன்னால் போன சீசன் கணக்கை உங்களிடம் காட்டி யோசனை கேட்க வேண்டும். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் லேத் ஓட்டுகிறவன். ஆறு நாள் பட்டறை, ஞாயிற்றுக்கிழமை எண்ணூர். முகத்துவாரத்துக்கு உள்ளே, கொசஸ்தலை ஆற்றுப் பாலத்தை ஒட்டி நிற்பேன். குறி கொடுவா மீன் மட்டும்தான். ஐந்து வருடமாகப் போகிறேன் என்றாலும் போன சீசனில்தான் முதல்முறையாக ஒரு நோட்டு போட்டு எல்லாவற்றையும் எழுதினேன்.

2024 செப்டம்பர் முதல் 2025 மார்ச் வரை 27 ஞாயிறு போனேன். ஒரு வாரம் ஃபெஞ்சல் புயல் மழை, இரண்டு வாரம் பூண்டி ஏரியைத் திறந்துவிட்டு ஆறு முழுக்கச் செம்மண் தண்ணி, ஒரு வாரம் தங்கை மகள் காதுகுத்து. மற்ற எந்த ஞாயிறும் தவறவில்லை. விடியற்காலை ஐந்தரைக்குப் போய்ச் சேர்ந்துவிடுவேன். வெயில் ஏறியதும் எட்டு, எட்டேகாலுக்குக் கிளம்புவேன்.

மீன் மாட்டியது 15 தடவை. கரைக்கு வந்தது 6. பெரியது 3 கிலோ 200. மீதி ஒன்பதும் போய்விட்டன. அதில் ஐந்து, பாலத்தூணைச் சுற்றி நூலை அறுத்துக்கொண்டு போனவை. மூன்று, துள்ளி எழுந்து தலையை உதறித் தூண்டில் முள்ளைக் கழற்றியவை. ஒன்று செவுள் மூடியால் லீடரை, அதாவது நூலுக்கும் முள்ளுக்கும் நடுவே கட்டும் நரம்பை, அறுத்தது. அந்த ஒன்றை நினைத்தால் இன்னும் தூக்கம் வரவில்லை. ஒரு முறை முழு உடம்பும் தண்ணிக்கு மேலே வந்தது. ஆறேழு கிலோ இருக்கும்.

இனி சாமான்கள்.

12 அடி மடக்கு ராடு: தண்டம். இரண்டாவது மாதமே கணு இடுக்கில் உப்பு இறுகி, உள்ளே போன துண்டு வெளியே வரவில்லை. வெந்நீர் ஊற்றினேன், எண்ணெய் விட்டேன், கடைசியில் ரப்பர் வைத்துத் திருகியபோது மேல்துண்டு நீளவாக்கில் பிளந்தது. நவம்பரில் 8 அடி இரட்டைத் துண்டு ராடு வாங்கினேன். அதில் ஒரு குறையும் இல்லை. பாலத்தடியில் நிற்பதற்கு எட்டடிக்கு மேல் தேவையே இல்லை என்று அதற்குப் பிறகுதான் புரிந்தது.

ரீல்: 4000 சைஸ். நூல் ஏறி ஓடும் அந்தச் சின்ன உருளை ஜனவரியில் இறுகிவிட்டது. நான் கவனிக்கவில்லை. உருளாத உருளை மேல் நூல் தேய்ந்து தேய்ந்து அதிலேயே ஒரு கோடு விழுந்திருந்தது. பிரித்துப் பார்த்தால் உள்ளே இருக்கும் பேரிங் மொத்தமும் துரு. வீட்டுக்கு வந்து ராடையும் ரீலையும் குழாயடியில் கழுவியதுதான். அந்த இடத்துக்கு ஒரு சொட்டு எண்ணெய் விடாதது என் தப்பு.

பிரெய்டு நூல் (இழை பின்னிய நூல்): 20 பவுண்டு தாங்குவது. பாலத்தூண் முழுக்கக் காக்கா ஆழிச் சிப்பி அப்பியிருப்பது உங்களுக்கே தெரியும். அறுந்த நுனியைக் கையில் எடுத்துப் பார்த்தேன். வெட்டின மாதிரி இல்லை. ஒரு சாண் நீளத்துக்குப் பஞ்சு பஞ்சாகப் பிரிந்து, கடைசியில் இரண்டு இழை மட்டும் நீண்டு நின்றது. லீடர் 30 பவுண்டு நரம்பு, ஒரு முழம்தான் கட்டியிருந்தேன். அந்த நரம்பை வெர்னியர் வைத்து அளந்தேன்: கவரில் 0.50 மி.மீ. என்று போட்டிருந்தது, கையில் 0.43. இப்போது எந்த நரம்பு வாங்கினாலும் அளக்காமல் கட்டுவதில்லை.

லூர் (போலி இரை): 11 வாங்கினேன், எல்லாம் சேர்த்து 4,800 ரூபாய். ஏழு தூணில் மாட்டிப் போயின. கட்டை லூரில் வந்த மூன்று முள் கொக்கி ஒன்று விரிந்தே போய்விட்டது, துள்ளிப்போன மூன்றில் அதுவும் ஒன்று. நாலு இஞ்ச் வெள்ளை ரப்பர் மீன், 14 கிராம் ஈயத்தலை, அது மட்டும் இரண்டு கொடுவா கொடுத்தது.

உயிர் இறால்: மீதி நாலும் இதில்தான் வந்தன. 3/0 வளைந்த முள், அதாவது சர்க்கிள் ஹூக். இழுத்து அடிக்காமல் மெல்லச் சுற்றினால் போதும், கடைவாயில் தானாகக் குத்திக்கொள்கிறது. இதில் மாட்டிய மீன் ஒன்றுகூட முள்ளைக் கழற்றவில்லை. ஆனால் இறாலை உயிரோடு வைத்திருப்பதுதான் பெரும்பாடு. பக்கெட், பேட்டரி ஏரேட்டர் எல்லாம் இருந்தும் ஏழு மணிக்குள் பாதி செத்து வெள்ளையாகிவிடும்.

கையில் 6,000 ரூபாய் இருக்கிறது. பிரெய்டை 40 பவுண்டாக ஏற்றவா, நல்ல ரீல் வாங்கவா, இல்லை பாலத்தையே விட்டுவிட்டுத் திருவொற்றியூர் தூண்டில் வளைவுக் கற்களுக்கு (கடலரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் நீட்டிப் போட்ட கல் வரிசை) போகவா?

காசிமேடு கல்லு

பிரதர், நோட்டு போட்டதற்கே முதலில் ஒரு சலாம்.

ரீல் வாங்காதீர்கள். உங்கள் ரீலுக்கு அந்த உருளை பேரிங் ஒன்று மாற்றினால் போதும், லேத்காரருக்கு அது அரை மணி வேலை. கழுவும்போது குழாயை வேகமாகத் திறந்து அடிக்காதீர்கள், உப்பை உள்ளே தள்ளிவிடும். டிராக்கை, அதாவது மீன் இழுத்தால் நூலை விட்டுக்கொடுக்கும் பிடிப்பை, இறுக்கி மூடிவிட்டு, லேசாகத் தெளித்து, ஈரத்துணியால் துடையுங்கள். நிழலில் காய்ந்த பிறகு டிராக்கைத் தளர்த்தி வையுங்கள், உள்ளே வாஷர் அமுங்காமல் இருக்கும்.

ஐந்து மீன் தூணில் அறுத்ததற்கு நூல் பாதிக் காரணம்தான். டிராக் எவ்வளவு வைத்திருந்தீர்கள்? கையால் இழுத்துப் பார்த்து வைத்திருந்தால் நிச்சயம் தளர்வாகத்தான் இருந்திருக்கும். 20 பவுண்டு என்றால் 9 கிலோ. மூன்றில் ஒரு பங்கு, 3 கிலோ, ஸ்பிரிங் தராசை நூல் நுனியில் மாட்டி இழுத்து வையுங்கள். தூண் ஓரத்தில் கொடுவாவுக்கு முதல் ஐந்து விநாடி விட்டால் அவ்வளவுதான். அது ஓடுவதே தூணுக்குப் பின்னால் போகத்தான். மாட்டியதும் ராடைத் தூக்காமல் பக்கவாட்டில் சாய்த்து, தூணுக்கு எதிர்ப்பக்கம் இழுங்கள். ராடைத் தூக்கினால் மீனும் மேலே வந்து துள்ளும். துள்ளினால் தலையை உதறும்.

லீடர் ஒரு முழம் போதவே போதாது. 60 பவுண்டு, இரண்டரை மீட்டர். மீன் தூணைச் சுற்றினாலும் ஆழியில் உரசுவது தடித்த நரம்பாக இருக்க வேண்டும், பிரெய்டாக இருக்கக் கூடாது. பிரெய்டு இழுவைக்கு இரும்பு, உரசலுக்குப் பஞ்சு. பிரெய்டையும் நரம்பையும் சேர்க்க எஃப்ஜி என்ற முடிச்சைப் போடுங்கள், வளையத்தில் தட்டாமல் போகும்.

லூரை மொத்தமாகக் குறை சொல்லாதீர்கள். தூண் ஓரம் லூருக்கான இடம் இல்லை. நான் தூண்டில் வளைவுக் கல் நுனியில் நின்று விடியற்காலையில் பாறை மீனும் சீலா மீனும் லூரில்தான் பிடிக்கிறேன். அங்கே வந்தால் காலுக்கு நல்ல பிடிப்புள்ள செருப்பு கட்டாயம். பாசிக் கல்லில் சறுக்கி விழுந்து முழங்கை பெயர்ந்த ஒருவரை நானே தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறேன்.

இன்னொன்று. அந்த ஆறேழு கிலோ மீன் அடுத்த முறை கரைக்கு வந்தால் விட்டுவிட முடியுமா என்று யோசியுங்கள். கொடுவா சின்னதில் ஆண், வளர்ந்து பெரிதான பிறகுதான் பெண்ணாக மாறும். ஆற்றில் இருக்கும் அவ்வளவு பெரிய மீன் பெரும்பாலும் முட்டை போடும் தாய்.

காட்டுக்குப்பம் கைநரம்பு

தம்பி, நான் ராடு பிடிக்கிறவன் இல்லை. அப்பா காலத்திலிருந்து இந்த ஆற்றில் வலை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் மழையோடு ஆற்றில் எண்ணெய் படர்ந்ததே, அதில் என் வலை மொத்தமும் கருப்பாகி, சோப்புப் போட்டு ஊறவைத்தும் வாடை போகவில்லை. வாடை இருக்கிற வலையில் மீன் வாங்க யாரும் வரமாட்டார்கள். அந்த நேரத்தில் கைநரம்பு எடுத்தவன், இன்றைக்கும் பாதி நாள் அதுதான். 80 நம்பர் நரம்பு, ஒரு ஈயக்குண்டு, ஒரு முள். மீனோடு விளையாடுவது எல்லாம் கிடையாது, மாட்டியதும் இழுத்துப் படகில் போடுவதுதான்.

விடுவது பற்றிக் கல்லு தம்பி சொன்னது உங்களைப் போல ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்களுக்குச் சரி. எனக்கு அந்த ஒரு மீன் ஒரு வாரத்து அரிசி. ஆனால் உள்ளங்கை நீளக் குஞ்சை நானும் விட்டுவிடுகிறேன், பக்கத்துப் படகுக்காரனையும் விடச் சொல்கிறேன்.

உன் கணக்கில் ஒன்று குறைகிறது. எந்தத் தேதி, எத்தனை மணிக்கு மீன் வந்தது என்று நோட்டில் இருக்கிறதா? இருந்தால் அதைப் போடு. நூலைப் பற்றிப் பிறகு பேசலாம்.

எர்ணாவூர் தூண்டில்

கல்லு, டிராக் கையால் இழுத்துத்தான் வைத்தேன். இப்போது தராசு மாட்டிப் பார்த்தேன், ஒன்றரை கிலோகூட இல்லை. மனசு கஷ்டமாகிவிட்டது.

அண்ணா, கரைக்கு வந்த ஆறும் இதோ:

நவம்பர் 3, காலை 9:40, 10:15
ஜனவரி 12, 8:30, 9:05
மார்ச் 2, 10:00
மார்ச் 16, 9:50

அறுத்துப் போன ஐந்தில் மூன்றும் இதே நாட்களில்தான், இதே நேரத்தை ஒட்டித்தான்.

காட்டுக்குப்பம் கைநரம்பு

நினைத்தேன்.

காலண்டரை எடுத்துப் பார் தம்பி. நவம்பர் 3, தீபாவளி அமாவாசை கழிந்து இரண்டாம் நாள். ஜனவரி 12, போகிக்கு முந்தின நாள், மறுநாள் பௌர்ணமி. மார்ச் 2 அமாவாசை கழிந்து, மார்ச் 16 பௌர்ணமி கழிந்து. நாலு நாளும் தண்ணி பெரிதாக ஏறி இறங்குகிற நாள். அட்டமியை ஒட்டிப் போன ஒரு ஞாயிறாவது மீன் கொடுத்ததா? கொடுத்திருக்காது. அந்த நாட்களில் தண்ணி குளம் மாதிரி நிற்கும்.

நம்ம பக்கம் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் காலை ஏற்றம் எட்டிலிருந்து ஒன்பதரைக்குள் முடியும். அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் தண்ணி அசையாது. மிதக்கிற குப்பை நின்ற இடத்தில் நிற்கும். அப்புறம் மெல்லத் திரும்பி முகத்துவாரத்தைப் பார்த்து நகர ஆரம்பிக்கும். அதுதான் நேரம். ஏற்றத்தில் அலையாத்திச் செடிக்குள்ளும் சின்ன ஓடைக்குள்ளும் போன மடவைக் குஞ்சும் இறாலும் வற்றத்தில் வெளியே வந்தாக வேண்டும். கொடுவா தூணுக்குப் பின்னால், தண்ணி சுழிக்கிற இடத்தில், இழுவை படாமல் நின்றுகொண்டு வாயருகே வருவதை எடுக்கும். தேடி அலையாது.

நீ எட்டேகாலுக்குக் கிளம்பிவிடுகிறாய். தண்ணி பெரிதாக ஏறி இறங்குகிற மற்ற ஞாயிறுகளில் அது சாப்பிட வரும் நேரத்தில் நீ வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறாய். இந்த நாலு நாள் மட்டும் ஏன் நின்றாய்?

இரவிலும் இதே ஏற்றம் உண்டு. ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ ஐம்பது நிமிடம் தள்ளிப் போகும். கடிகாரத்தைப் பார்த்து வராதே. காலண்டரில் நிலவைப் பார்த்துக் கிளம்பு, ஆற்றுக்கு வந்த பிறகு குப்பையைப் பார்.

எர்ணாவூர் தூண்டில்

இதைப் படித்துவிட்டு நோட்டை மறுபடி புரட்டினேன். நவம்பர் 3 மைத்துனர் வருவதாகச் சொல்லித் தாமதமாகி நானே எட்டு மணிக்குத்தான் போய்ச் சேர்ந்தேன். ஜனவரி 12 பொங்கல் லீவு ஆரம்பம், அவசரம் இல்லை. மார்ச் 2 மேகமூட்டம், வெயில் தெரியவில்லை. மார்ச் 16 வண்டி பஞ்சர், ஒட்டுகிற கடை திறக்கும்வரை வேறு வேலை இல்லாமல் நூலைப் போட்டுக்கொண்டு நின்றேன். நான் யோசித்து நின்றது ஒரு நாள்கூட இல்லை.

நவம்பர் 17ஐயும் பார்த்தேன். அதுவும் பௌர்ணமி கழிந்து இரண்டாம் நாள்தான். எட்டு மணிக்குக் கிளம்பியிருக்கிறேன். "ஒரு கடிகூட இல்லை, தண்ணி சரியில்லை" என்று எழுதி வைத்திருக்கிறேன். தண்ணி சரியாகத்தான் இருந்திருக்கிறது.

ஆத்தங்கரை

அண்ணா, இறால் பற்றி நான் சொல்கிறேன். எங்கள் அம்மா இந்த ஆற்றில் கையால் தடவி இறால் பிடிக்கிறவர். இடுப்பளவு தண்ணியில் உட்கார்ந்தபடி சேற்றைத் தடவிக்கொண்டே போவார். கையில் பட்டதும் எடுத்துப் பறியில் போட்டுவிடுவார். பறி ஓலையில் பின்னியது, வாயில் கடித்துக்கொண்டிருப்பார். காக்கா ஆழி பரவிய பிறகு அம்மாவின் விரல் நுனி பத்தும் கீறல். மெத்து மெத்தென்று இருந்த சேறெல்லாம் இப்போது ஓடு. மஞ்ச மட்டி இருந்த இடத்தையும் அது மூடிவிட்டது. அது தென் அமெரிக்கக் கரையோரத்துச் சிப்பி, கப்பலோடு வந்து சேர்ந்தது என்கிறார்கள். நீங்கள் நூல் அறுந்ததைச் சொன்னபோது எனக்கு அம்மாவின் கைதான் ஞாபகம் வந்தது.

உங்கள் இறால் சாவதற்கு இரண்டு காரணம் இருக்கும். ஒன்று, பக்கெட்டில் கூட்டம். இரண்டு, சூடு. கறுப்பு பக்கெட்டைத் தார் ரோட்டில் வைத்திருப்பீர்கள். தண்ணி சூடானால் அதில் காற்றே தங்காது, ஏரேட்டர் ஓடியும் பிரயோஜனம் இல்லை. ஐம்பது வாங்காமல் பதினைந்து வாங்குங்கள். ஆற்றுத் தண்ணியே ஊற்றுங்கள், குழாய்த் தண்ணி கூடாது. ஐஸ் போட்ட பாட்டிலை மூடியோடு உள்ளே மிதக்க விடுங்கள், ஐஸ் நேராகத் தண்ணியில் கரையக் கூடாது. அம்மா பறியை ஈரக் கோணியில் சுற்றி நிழலில் வைப்பார். பக்கெட்டே இல்லாமல் ஒரு மணி நேரத்துக்கு மேல் துள்ளும்.

முள் எங்கே குத்துகிறீர்கள்? இறாலை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பாருங்கள். தலைக்குள் கறுப்பாக ஒரு பொட்டு தெரியும். அதில் முள் பட்டால் அந்த நிமிடமே செத்தது. அதற்கு முன்னால், கொம்புக்கு அடியில், கண்ணாடி மாதிரி இருக்கும் இடத்தில் குத்தினால் பத்து, பதினைந்து நிமிடம் நீந்தும்.

எர்ணாவூர் தூண்டில்

கறுப்பு பக்கெட், தார் ரோடு, ஐம்பது இறால். மூன்றும் அப்படியே. முள்ளைத் தலைக்கு நடுவில்தான் குத்திக்கொண்டிருந்தேன் தங்கச்சி. அம்மாவுக்கு என் வணக்கம் சொல்லுங்கள்.

எர்ணாவூர் தூண்டில் (2025 ஆகஸ்ட் 24, மாலை)

இன்றைக்குப் போய் வந்தேன். நேற்று அமாவாசை. காலை ஏழரைக்குத்தான் வீட்டை விட்டே கிளம்பினேன். இவ்வளவு வருடத்தில் வேண்டுமென்றே தாமதமாகக் கிளம்பியது இதுதான் முதல் தடவை.

செலவு மொத்தம் 1,150. உருளைக்கு பேரிங் ஒன்று, 60 பவுண்டு நரம்பு ஒரு சுருள் (அளந்தேன், கவரில் 0.70, கையில் 0.69), வளைந்த முள் ஒரு பாக்கெட், வெள்ளை மூடி போட்ட டப்பா ஒன்று. பிரெய்டு அதே பழைய 20 பவுண்டுதான், தேய்ந்த பத்து மீட்டரை வெட்டிவிட்டேன். டிராக் 3 கிலோ.

எட்டரைக்குத் தண்ணி இன்னும் உள்ளே ஏறிக்கொண்டிருந்தது. நூலைப் போடவில்லை. தூண் பக்கத்தில் ஒரு தேங்காய் மட்டை மிதந்துகொண்டிருந்தது, அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒன்பதேகால் வாக்கில் அது ஒரே இடத்தில் நின்றது. பத்துப் பன்னிரண்டு நிமிடம் அசையவே இல்லை. பிறகு மெல்ல, முகத்துவாரத்தைப் பார்த்துத் திரும்பி நகர்ந்தது. அப்போதுதான் டப்பாவைத் திறந்தேன். பதினைந்து இறாலில் பதினாலு உயிரோடு இருந்தது.

முதல் வீச்சு ஒன்றும் இல்லை. இரண்டாவதை இரண்டாம் தூணுக்கு ஐந்தடி மேலே போட்டுத் தண்ணியோடு தூணுக்குப் பின்னால் போகவிட்டேன். இறால் இரண்டு தடவை நடுங்கியது ராடு நுனியில் தெரிந்தது. அப்புறம் 'தொப்' என்று ஒரு சத்தம், நூல் பக்கவாட்டில் ஓடியது. நான் அடிக்கவில்லை, சுற்றினேன். ராடைத் தூக்காமல் இடது பக்கம் சாய்த்தேன். தூணைப் பார்த்துத்தான் ஓடியது, ஒரு முறை உரசவும் செய்தது, விரலில் அந்தக் கரகரப்பு வந்தது. ஆனால் உரசியது நரம்பு. கரைக்கு வந்தது 2 கிலோ 800. இறக்கிய பிறகு லீடரைத் தடவிப் பார்த்தேன், முக்கால் மீட்டர் நீளத்துக்கு அரம் போட்ட மாதிரி இருந்தது. வெட்டிவிட்டுப் புதிதாகக் கட்டினேன்.

பத்தே முக்காலுக்கு இன்னொன்று, ஒரு கிலோ இருக்கும், விட்டுவிட்டேன். மூன்றாவது ஒன்று துள்ளி முள்ளை உதறிவிட்டுப் போனது. பழக்கத்தில் ராடைத் தூக்கிவிட்டேன் கல்லு, அது என் கைத் தப்புதான்.

அண்ணா, செப்டம்பர் 7 ஞாயிறு, அன்றைக்கே பௌர்ணமி. எட்டு மணிக்கு வந்துவிடுகிறேன். நீங்கள் ஆற்றில் இருந்தால் எந்தத் தூணுக்குப் பின்னால் சுழி அதிகம் என்று நேரில் காட்டுங்கள்.

காட்டுக்குப்பம் கைநரம்பு

வா தம்பி. படகைப் பாலத்துக்குக் கிழக்கே கட்டியிருப்பேன். மூன்றாவது தூண்.